கொழுந்துக் கூடையும் அரைப்பேரும்

தேயிலைப் பெட்டிகள் பலவற்றில் ஒரு பெண் நிற்கிறாள். முதுகில் கூடை, தலையில் முக்காடு, வாய் நிறையச் சிரிப்பு. உல்லாசப் பயணிகளுக்கான சுவரொட்டிகளிலும் அவளே நிற்கிறாள். இடுப்பில் கட்டும் படங்கை அந்தப் படங்களில் அநேகமாகக் காண முடியாது. அட்டைக் கடியையும் காண முடியாது. மலையக மக்களைப் பற்றி இந்நாட்டின் ஏனைய மக்கள் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறது.

தொடர்புச் சாதனங்கள் மலையகத்துக்கு இரண்டு வேளைகளில் வருகின்றன. ஒன்று சம்பளப் பேச்சு நடக்கும்போது, மற்றது மண் சரியும்போது. இரண்டுக்கும் இடையே அங்கே மனிதர் வாழ்கிறார்கள் என்பது செய்தியாவதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்ற தலைப்பின் கீழ் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர் கணக்கிடப்பட்டனர். இவர்களுள் இன்று தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்வோர் ஒரு சிறு பகுதியினரே. ஆசிரியர், தாதியர், கடைச் சிப்பந்திகள், ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள், மரக்கறி பயிரிடுவோர் என்று மற்றவர்கள் பல வழிகளிற் பிரிந்துவிட்டனர். 2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுக் கறுப்பு உடையுடன் காலிமுகத்திடலில் கூடிய இளைஞர்களிற் பலர் கொழும்பில் தொழில் செய்தவர்கள். பெற்றோருக்காக வந்து நின்றார்கள். ஆயினும் ‘மலையகம்’ என்றதும் பத்திரிகை தேடுவது கூடையைத்தான்.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அந்தப்பக்கம், 3 இலட்சம் பேர் இந்தப்பக்கம் என்று ஆட்கள் மூட்டைகளைப் போலப் பங்கிடப்பட்டனர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஏறத்தாழத் தீர்ந்தது. இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ‘கள்ளத்தோணி’ என்ற சொல் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் போய் அங்கே வசைச்சொல்லாக நிலைத்துவிட்டது. நாமே கொடுத்தனுப்பிய சொல் அது. ‘தோட்டக்காட்டான்’ என்பதும் தமிழரின் வாயிற் பிறந்ததுதான். சிங்களப் பத்திரிகைகளைக் குறைகூறும் முன்னர் நமது நாடகங்களிலும் நகைச்சுவைத் துணுக்குகளிலும் வேலைக்காரப் பையனுக்கு எந்த ஊர்ப் பேச்சைக் கொடுத்தோம் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் என்று முதலில் தலைப்புகள் வந்தன. சில நாட்களில் எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் மலைக்கு ஏறியிருந்த பெற்றோரும் உயிரோடிருந்தனர். ஒரு லயத்தில் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்பதை உடனே சொல்லக்கூடிய ஒருவர் செய்தியாளர் கைக்கு அகப்படவில்லை. அடுத்து வந்த செய்தி இன்னும் மோசமானது. அங்கிருந்து வெளியேறும்படி முன்னரே எச்சரிக்கப்பட்டும் அவர்கள் போகவில்லையாம். வாசித்தவர்களுக்கு ‘சொல்வழி கேளாத சனம்’ என்று தோன்றியிருக்கும். எங்கே போவது என்ற கேள்வியைக் கேட்ட செய்திகள் சிலவே. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். காணி உறுதி ஒன்றும் கையில் இல்லாதவன் பெண்டு பிள்ளைகளுடன் எந்த மேட்டிற் போய்க் குந்துவான்? எச்சரிக்கை பொய்யென்று நான் சொல்லவில்லை. மெய்யில் ஒரு பாதியை மட்டும் அச்சிட்டால் செத்தவன் மீதே குற்றம் விழும்.

செய்தியாளரை மட்டும் நோவதில் நியாயமில்லை. ஹற்றனிலோ பண்டாரவளையிலோ இருக்கும் பிரதேச நிருபருக்குப் பஸ் காசுகூட முழுதாகக் கிடைப்பதில்லை. தொழிற்சங்கத் தலைவரின் அறிக்கை தேடி வருகிறது, துரையின் மறுப்பும் வருகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரு செய்தி. மலையேறிப் போக நேரமேது? 1920களில் கோ. நடேசய்யர் இம்மக்களுக்காகவே பத்திரிகை நடத்தினார். தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவதே குற்றமாக இருந்த காலம் அது. அவரும் மீனாட்சி அம்மையாரும் மக்களிடையே போய்ப் பேசிப் பாடினார்கள். இன்று வழி திறந்திருக்கிறது, போவோர் குறைவு.

நானும் தப்பியவனல்லன். 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வெளிவந்த பின்னர், பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையைக் கூட்டியது பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதிலே துரையின் பெயரும் சங்கப் பிரதிநிதியின் பெயரும் இருந்தன. அரை நாள் என்னோடு இருந்து கணக்கையெல்லாம் விளக்கிய அம்மாவை ‘தொழிலாளர் ஒருவர்’ என்று எழுதிவிட்டேன். அடுத்த முறை போனபோது அவர் கேட்டார்:

“ஒரு கிலோ கொறஞ்சா தொர அரைப்பேரு போடுவாரு. நீங்க அந்த அரைப்பேரும் போடலியே ஐயா?”

இந்தக் கட்டுரையில் போடட்டுமா என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்தார். தொரையைப் பற்றிச் சொன்னதையும் எழுதுவீர்களா என்றார். ஆம் என்றேன்.

“அப்ப வேணாங்க. நாளைக்கே கொழுந்து இல்லாத மலையில விட்டுருவாங்க.”