பீரங்கி அளந்த நிலம்

சென்ற வாரம் அண்ணாமலை நகரிலிருந்து கடலூருக்குப் போய், கெடில நதிக்கரையில் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடுகளைப் பார்த்து வந்தேன். பாழடைந்த கோட்டையென்றால் பேய் இல்லாமலிருக்குமா? "அந்தி சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள், ஸ்வாமி!" என்று நண்பர் எச்சரித்தே அனுப்பினார்.

1690-ல் மராட்டியரிடம் இக்கோட்டையை விலைக்கு வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியார், பீரங்கியை வெடித்து, குண்டு போய் விழுந்த தூரம் வரையிலுள்ள கிராமங்களையும் தமதாக்கிக் கொண்டனர். உழுது பயிரிட்ட குடிகளின் சம்மதத்துக்கு அந்தப் பேரத்தில் இடமேது? 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது இதுவே கம்பெனியின் தலைமையிடமாயிற்று. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்துத் தகர்த்தெறிந்தான்.

கோட்டை மண்ணாயிற்று. குண்டோ, 'குண்டு உப்பலவாடி' என்னும் ஊர்ப்பெயரில் இன்னும் உலவுகிறது. அங்கே நான் கண்ட பேய் அது ஒன்றுதான், நேயர்களே!