தலைசாய்ந்த செடிக்குத் தண்ணீரா?

பெயரில் லில்லி எனினும், ‘பீஸ் லில்லி’ அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அமெரிக்க வெப்பவலயக் காடுகளிற் பிறந்த, நம் சேம்பின் உறவு. வெண்மலரெனத் தோன்றுவதும் இதழன்று. பூங்கதிரைத் தழுவி நிற்கும் இலையே.

இச்செடி தலைசாய்ந்தவுடன் நீர்ச்செம்புடன் ஓடுவோர் பலர். சற்றே பொறுங்கள். நீர் வற்றினும் இலை துவளும். நீர் மிகுந்து வேர் அழுகினும் அவ்வாறே துவளும். விரலை மண்ணில் ஓரங்குலம் செலுத்திப் பாருங்கள். உலர்ந்திருந்தால் சாடியின் அடித்துளையால் வடியுமட்டும் ஊற்றுங்கள். ஈரமாயின் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட்டு வாளா இருங்கள். கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி, புதுமண்ணில் மாற்றி நட்டாற் பிழைப்பதும் உண்டு. நேர்வெயில் படாத விறாந்தை இதற்கு உகந்தது.

வீட்டுக் காற்றைத் தூய்மையாக்குமென்று வாங்குவோர்க்கு ஒரு சொல்: ஒரு சாடியால் ஆவது மிகச் சொற்பம்.

சேம்பைப் போலவே இதன் இலையிலும் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்கூசிகள் உள; மென்ற குழந்தையின் வாயும் நாவும் எரிந்து வீங்கும். தவழும் பிள்ளையுள்ள வீட்டிற் சாடியை எட்டா உயரத்தில் வையுங்கள்.