ரிமோட் கையில இருக்குங்கிறதால ஆள் தூரத்துல இருக்கார்னு அர்த்தமில்ல

"ஆபரேட்டரோட கவனக்குறைவு."

கட்டடம் இடிக்கிற இடத்துல யாராவது நசுங்கினா முதல்ல வர்ற விளக்கம் இதுதான். ரிமோட்ல ஓடுற இடிப்பு மெஷின்னா இந்த விளக்கத்துக்கு இன்னும் பலம் கூடிடும். "ரிமோட்டைக் கையில கொடுத்தாச்சு, தள்ளி நிக்க வேண்டியதுதானே? இவன் ஏன் பக்கத்துல போனான்?"

ஏன் போறாங்கன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை. பழைய வீட்டை இடிச்சுக் கட்டப் போறவங்க, காண்ட்ராக்டர்கள், மெஷின் ஓட்டுற தம்பிகள், எல்லாரும் படிங்க.

மெஷினைப் பத்தி முதல்ல. பொக்லைன் மாதிரி ஒரு கை, நுனியில பிரேக்கர் இல்லைன்னா ஜா கட்டர். கீழே செயின் சக்கரம், நாலு பக்கமும் ஊன்றுகால். ஆபரேட்டர் கண்ட்ரோல் பெட்டியை இடுப்பு பெல்ட்ல மாட்டிக்கிட்டு ரெண்டு ஜாய்ஸ்டிக்கால இயக்குவார். ஸ்வீடனைச் சேர்ந்த புரோக் கம்பெனி 1970-கள்ல இருந்தே இதைச் செய்யுது. சின்னது அரை டன், வீட்டு வாசல் வழியாவே உள்ளே போயிடும். பெரியது பத்து டன்னுக்கு மேல. சிமெண்ட் ஆலையோட சூளைக்குள்ள, எப்போ இடிஞ்சு விழும்னு தெரியாத தளத்துக்கு அடியில, இப்படி மனுஷன் நிக்கக்கூடாத இடத்துக்காக உருவானது. நல்ல கண்டுபிடிப்பு. எனக்கு மெஷின் மேல கோபம் இல்ல.

ஆனா இதுல கேபின் கிடையாது. கேபின் இல்லைன்னா ஆபரேட்டரைச் சுத்தி இருந்த இரும்புக் கூண்டும் இல்ல. பொக்லைன் சாஞ்சாலும் கூண்டு தாங்க வாய்ப்பு இருக்கு. இங்கே அவரோட சட்டைதான் கூண்டு. அவரைக் காப்பாத்துறது ஒண்ணே ஒண்ணுதான்: இடைவெளி.

அந்த இடைவெளியைத்தான் வேலையே தின்னுடுது. இந்த மெஷின்கள்ல பலதும் கரண்ட்ல ஓடுறது. பின்னாடி தடிமனான கேபிள் இழுபட்டுக்கிட்டே வரும். அது சக்கரத்துக்கு அடியில போகாம யாராவது ஒதுக்கிவிடணும். அதுக்குன்னு தனி ஆள் போட்டா ஒரு நாள் கூலி கூடுதல். அதனால ஓட்டுறவரே குனிஞ்சு ஒதுக்குவார், இடுப்புல உயிரோட இருக்கிற ஜாய்ஸ்டிக்கோட. பெட்டி சுவத்துல உரசும். மெஷின் ஒரு அடி நகரும், இல்ல ஊன்றுகால் இறங்கும். அடியில இருக்கிறது அவரோட பாதம்.

இன்னொண்ணு. மெஷின் உங்களைப் பார்த்துத் திரும்பி நிக்கும்போது அதோட இடது உங்களுக்கு வலது. அவசரத்துல கை தப்பான பக்கம் தள்ளும். சின்ன அறைன்னா பின்னாடி சுவர், முன்னாடி இரும்பு.

இதுக்குப் பேரு கவனக்குறைவா? ரெண்டு பேர் வேலையை ஒருத்தர் தலையில கட்டினது யாருங்க?

கிட்ட போகணும்னா முதல்ல எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கணும், அப்புறம்தான் காலடி எடுத்து வைக்கணும். இதை எழுதி ஒட்டினா போதாது. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி நிறுத்திப் பண்ணா வேலை மெதுவாத்தான் நடக்கும். அந்த மெதுவுக்கு மேஸ்திரி திட்டக்கூடாது. திட்டுற சைட்ல எந்த விதியும் ரெண்டு நாள் தாங்காது.

அடுத்தது, யாரும் பேசாத நேரம்: ஏத்துறதும் இறக்குறதும். இடிக்கும்போது எல்லாரும் உஷாரா இருப்பாங்க. லாரியில இருந்து இறக்கும்போது "அஞ்சு நிமிஷ வேலைதானே". சரிவுப் பலகைக்குப் பதிலா சைட்ல கிடைச்ச மரக்கட்டை, இல்ல கொட்டி வச்ச மண்மேடு. குறுகலான வழியில போகணும்னே ஒல்லியா செஞ்ச மெஷின் இது. ஊன்றுகாலை மடக்கிட்டா சரிவுல சுலபமா சாயும். இந்த நேரத்துல ஆபரேட்டர் எங்க நிப்பார்? சக்கரம் கட்டையில சரியா ஏறுதான்னு பாக்க பக்கத்துல, இல்லைன்னா கீழ்ப் பக்கத்துல. சாஞ்சா விழுறது அவர் மேலதான். மெஷினோட எடையைத் தாங்குற இரும்புச் சரிவு, சமதளத்துல நிறுத்தின லாரி, கையை மடக்கித் தாழ்த்தி வைக்கிறது, கீழ்ப் பக்கம் யாரும் நிக்காம இருக்கிறது, ஏத்தினதும் பவரை அணைச்சு நாலு பக்கமும் சங்கிலி. இதுல எது ராக்கெட் விஞ்ஞானம்? மெஷினுக்கு லட்சக்கணக்குல கொடுத்தவர் சரிவுப் பலகைக்குக் காசு கொடுக்க மாட்டேங்கிறார், அவ்வளவுதான்.

கிரேன்ல மாடிக்கு ஏத்துறதும் இப்படித்தான். தொங்கும்போது அடியில யாரும் இருக்கக்கூடாது. ஏத்தின தளம் அந்த எடையைத் தாங்குமான்னு இன்ஜினியர் சொல்லணும், மேஸ்திரி இல்ல. உடைச்ச கல்லும் அதே தளத்துலதான் குவியுதுங்கிறதையும் சேர்த்துக் கணக்குப் போடணும்.

ரோட்டுல போறவங்களுக்கும் இது சம்பந்தப்பட்டதுதான். 2023 ஜனவரியில சென்னை அண்ணா சாலையில இடிச்சுக்கிட்டிருந்த கட்டடத்தோட சுவர் சரிஞ்சு, நடந்து போன ஒரு இளம்பெண் இறந்தாங்க. உங்க தெருவுல தடுப்பு இல்லாம இடிச்சா மாநகராட்சிக்குப் புகார் கொடுங்க.

இப்போ என் வேலை. மூணு விஷயம்.

இடுப்பு நசுங்கினவரை ஆட்டோவுல மடக்கி உக்கார வைக்காதீங்க. இடுப்பெலும்பு உடைஞ்சா வெளியே ஒரு சொட்டு தெரியாம உள்ளே லிட்டர் கணக்குல ரத்தம் போகும். அசைக்காம படுக்க வச்சு 108-ஐக் கூப்பிடுங்க.

கை, கால் மாட்டினா எத்தனை மணிக்கு மாட்டுச்சுன்னு குறிச்சு வச்சு எங்ககிட்ட சொல்லுங்க. மணிக்கணக்குல நசுங்கின தசையில இருந்து பொட்டாசியம் ரத்தத்துல கலந்தா இதயமே நிக்கலாம், சிறுநீரகமும் கெடும். லண்டன்ல குண்டு வீச்சுல இடிஞ்ச வீடுகள்ல இருந்து மீட்டவங்ககிட்ட இதைப் பாத்து 1941-லயே மருத்துவர்கள் எழுதி வச்சுட்டாங்க. மீட்டதும் பேசிக்கிட்டிருந்தார், அதனால நல்லாத்தான் இருக்கார்னு முடிவு பண்ணிடாதீங்க.

மூணாவது நிறைய பேருக்குத் தெரியாது. ஹைட்ராலிக் ஹோஸ்ல ஊசி முனை அளவு ஓட்டை. எங்க கசியுதுன்னு கையால தடவிப் பாப்பாங்க. உள்ளே எண்ணெய் 200 பார் அழுத்தத்துல ஓடுது, லாரி டயர் காத்தைவிட இருபது மடங்குக்கு மேல. விரல்ல முள்ளு குத்தின மாதிரி ஒரு புள்ளி, வலியும் பெருசா இருக்காது. டிடி ஊசி போட்டுட்டு வேலைக்குப் போயிடுவாங்க. எண்ணெய் தோலுக்கு அடியில பரவி, அடுத்த நாள் விரல் வீங்கிக் கறுத்து வருவாங்க. அப்போ விரலை எடுக்க வேண்டி வரலாம். இது சில மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ண வேண்டிய காயம். கசிவைப் பாக்கணும்னா மெஷினை நிறுத்துங்க, அட்டையை வச்சுப் பாருங்க.

கடைசியா, கேஷுவால்டியில நடக்கிற ஒரு நாடகம். அடிபட்டவரைக் கூட்டிட்டு வந்த ஆள் முந்திக்கிட்டு, "தவறி விழுந்துட்டான் சார், லேசா குடிச்சிருந்தான்" அப்படிம்பார். மெஷின்ங்கிற வார்த்தையே வராது. காரணம் இருக்கு. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லயே வந்தது. வேலையால, வேலை நேரத்துல நடந்த விபத்துன்னா முதலாளி இழப்பீடு கொடுக்கணும். தொழிலாளி கவனக்குறைவா இருந்தார்ங்கிறது அதுல தப்பிக்கிற வழியே இல்ல. குடிபோதையாலதான் காயம்னா வழி உண்டு. உயிர் போனாலோ நிரந்தரமா முழுசா முடங்கினாலோ அந்த வழியும் கிடையாது. "லேசா குடிச்சிருந்தான்" எங்கிருந்து வருதுன்னு புரியுதா?

அதனால கூட வர்ற சொந்தக்காரங்க, சக தொழிலாளிங்க கவனிங்க. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் எழுதும்போது பக்கத்துல நில்லுங்க. என்ன மெஷின், எந்த சைட், எத்தனை மணி, யாருக்கு வேலை செஞ்சார்னு நீங்களே சொல்லுங்க. அடிபட்டவர் பேசுற நிலையில இருந்தா அவரே சொல்லட்டும், மேஸ்திரியை வெளியே நிக்கச் சொல்லுங்க. எழுதிக்க வேண்டியது எங்க வேலை. எழுதலைன்னா "ஏன் டாக்டர் எழுதலை?"ன்னு சத்தமாவே கேளுங்க.