அட்டை ஊரில், பிள்ளை மும்பையில்

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை கண்டால் என்ன செய்கிறார்கள்? வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அத்தோடு கடமை முடிந்ததென்று நினைக்கிறார்கள். உடம்பில் தடிப்புத் தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அந்தப் பிள்ளையிடமிருந்து கிருமி பரவத் தொடங்கிவிடுகிறது. அது இருந்துபோன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்குகிறது. ஊசி போடாத பத்துப் பிள்ளைகள் அருகில் இருந்தால் ஒன்பது பேரைத் தொற்றும். வீட்டுக்கு அனுப்புவது தவறென்று நாம் சொல்லவில்லை. அது மட்டுமே என்றால், வெள்ளம் புகுந்த பிறகு வரப்புக் கட்டுகிற வேலை.

2022-இல் இதை நம் எம்-கிழக்கு வார்டில் கண்ணால் பார்த்தோம். அக்டோபர் கடைசியில் கோவண்டியில் குழந்தைகள் இறந்தார்கள். நவம்பரில் மத்திய அரசின் மருத்துவக் குழு வந்தது. மாநகராட்சி, நோய் பரவிய பகுதிகளில் 9 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஓர் ஊசி போட்டது. சாவு விழுந்த பிறகு வீடு வீடாக வந்தவர்கள் முன்னமே ஏன் வரவில்லை என்று கேட்பது நம் உரிமை. ஆனால் நம்மையும் நாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் பிள்ளை பிறக்கிறது. கிராம நர்சு அட்டை போட்டு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளைப் போடுகிறார். ஐந்தாம் மாதம் தாயும் பிள்ளையும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி இங்கே வருகிறார்கள். தட்டம்மை ஊசியோ ஒன்பது மாதம் நிறைந்ததும் போட வேண்டியது! அட்டை ஆச்சி வீட்டுப் பெட்டியில். அங்கே நர்சின் நோட்டில் ‘ஊரில் இல்லை’. இங்கே எந்த நோட்டிலும் பெயரே இல்லை. 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாவது ஊசியும் இப்படித்தான் தவறுகிறது. இரண்டு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்துவைக்கிற நமக்கு ஊசித் தேதி மட்டும் நினைவில் நிற்பதில்லை. அட்டை இல்லாவிட்டாலும் எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். விட்டுப்போனதை ஐந்து வயது வரை போடலாம். இதைச் சங்கமும் வீடு வீடாகச் சொல்லவில்லை. அது நம் குறைதான்.

பால்வாடியில் சேர்க்கும்போதே ஊசி அட்டையைக் கேட்கட்டும். ஆனால் அட்டை இல்லையென்று சேர்க்க மறுக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். ஒரு காகிதத்தைக் காட்டி நம்மை வெளியே நிறுத்துவது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. விட்ட ஊசியை நர்சை வரவழைத்து அங்கேயே போடட்டும். தமிழ்ப் பள்ளி நடத்துகிற மாநகராட்சி, நோய் அறிவிப்பையும் தமிழில் தரட்டும். காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பிய தாயைத் திட்டுவது சுலபம். நாள்கூலியை விட்டு அவள் வீட்டில் உட்கார முடியுமா? நோய் நாட்களை வருகைக் கணக்கில் குறைக்காமலிருந்தால் பாதிப் பிள்ளைகளாவது வீட்டில் படுத்திருக்கும்.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, அயலாரை உள்ளே விடாத நம் பாட்டிமார் வழக்கத்தை நாம் கேலி செய்யவில்லை. பிள்ளையைத் தனியே வைப்பது நல்லதுதான். ஆனால் மருத்துவமனையில் அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்கும் வைட்டமின் ஏ மருந்து கண்ணைக் காக்கும். வேப்பிலையோடு அதுவும் வேண்டும்.

அணுசக்தி நகர் வாயிலுக்கு உள்ளே குடியிருப்புக்கென்று மருத்துவமனையும் பள்ளிகளும் இருக்கின்றன. வெளியே சீத்தா கேம்ப் இருக்கிறது. 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், அணுசக்தித் துறைக்கு நிலம் வேண்டுமென்று ஜனதா காலனியிலிருந்து சுமார் 70,000 பேரைப் பெயர்த்து அங்கே கொண்டுவந்தார்கள். உள்ளே வீட்டுவேலைக்குப் போகிற பெண்ணோடு கிருமியும் காவலாளியைக் கேட்காமலே போய்வரும். அதனால் இது உள்ளே இருப்பவர்களின் வழக்கும்தான். அந்த ஜனதா காலனியில், கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்டவைத்தார். நாம் இப்போது கொண்டுபோக வேண்டியது பெயர்ப் பட்டியல்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் நம் குடும்பங்களிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, போட்ட ஊசி எல்லாவற்றையும் சங்க நோட்டில் எழுதப் போகிறோம். அட்டை ஊரில் இருந்தால் இன்றே போன் பேசி, வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.