நம்ம ஊர் இயற்பியல்: கவரைப்பேட்டையில் 75-க்கும் 30-க்கும் நடுவே ஒரு கணக்கு

2024 அக்டோபர் 11, ஆயுதபூஜை நாள். மைசூருவிலிருந்து தர்பங்கா செல்லும் பாக்மதி எக்ஸ்பிரஸ் இரவு 8.27-க்குப் பொன்னேரியைத் தாண்டியது. அடுத்த ஸ்டேஷன் கவரைப்பேட்டை. மெயின் லைனில் நேராகப் போக பச்சை சிக்னல் விழுந்திருந்தது. ஆனால், ஸ்டேஷனுக்குள் நுழையும்போது எஞ்சினில் பலத்த குலுக்கல். ரயில் மெயின் லைனை விட்டு விலகி லூப் லைனுக்குள் புகுந்தது. அங்கே நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதியபோது வேகம் மணிக்கு 75 கி.மீ. என்று ரயில்வே சொன்னது.

பெட்டிகள் தடம் புரண்டன. பார்சல் வேன் தீப்பிடித்தது. 19 பேர் காயமடைந்தனர். உயிரிழப்பு இல்லை.

தண்டவாளம் ஏன் அப்படி மாறியது என்பது விசாரணை அதிகாரிகளின் கதை. இங்கே பார்க்கப்போவது பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமான இயக்க விதிகளை வைத்தே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

இதுபோன்ற லூப் லைனில் நுழைய அனுமதிக்கப்படும் வேகம் 30 கி.மீ. வந்ததோ 75. அதாவது இரண்டரை மடங்கு. அப்படியானால் ஆபத்தும் இரண்டரை மடங்குதானே? இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். இயக்க ஆற்றலின் சூத்திரம் ½mv². வேகம் வர்க்கமாக வருவதால் 2.5 × 2.5 = 6.25 மடங்கு!

எண்ணாகப் பார்த்தால் இன்னும் உறைக்கும். முதலில் கி.மீ.-ஐ விநாடிக்கு மீட்டராக மாற்ற வேண்டும் (பரீட்சையில் மார்க் போவது பெரும்பாலும் இந்த வரியில்தான்). 5/18-ஆல் பெருக்கினால், 75 கி.மீ. என்பது விநாடிக்கு 20.8 மீட்டர், 30 கி.மீ. என்பது 8.3 மீட்டர்.

இதே வேகம் வர ஒரு பொருள் எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும்? ½mv² = mgh. இரண்டு பக்கமும் m அடிபட்டுப் போகும். எனவே ரயில் பெட்டியோ, பைக்கோ, ஆளோ, எடை கணக்கிலேயே வராது. h = v²/2g. 30 கி.மீ. வேகத்துக்கு 3.5 மீட்டர், அதாவது முதல் மாடி உயரம். 75 கி.மீ.-க்கு 22 மீட்டர். கிட்டத்தட்ட ஏழு மாடி! கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து, ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஹைவேயில் பறப்பவர்களுக்கும் இதே 22 மீட்டர்தான்.

சரி, பிரேக் போட்டால் நிற்காதா? இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்வதால் உராய்வு குறைவு. வேகம் விநாடிக்கு அரை மீட்டர் வீதம் குறைவதாக வைத்துக்கொள்வோம். v² = 2as போட்டால் நிற்க 434 மீட்டர் வேண்டும். நேரம் 42 விநாடி. குலுக்கல் தெரிந்த பிறகு லோகோ பைலட்டுக்கு அவ்வளவு தூரமும் இல்லை, நேரமும் இல்லை.

ஏழு மாடி உயரத்துக்குச் சமமான வேகம் என்றால், உயிரிழப்பே இல்லாமல் போனது எப்படி?

60 கிலோ எடையுள்ள பயணியை எடுத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அவருடைய இயக்க ஆற்றல் சுமார் 13,000 ஜூல். நிற்பதற்குள் இது முழுவதும் செலவாகியே தீர வேண்டும். வேலை = விசை × தூரம். ஒரே மீட்டரில் நின்றால் உடம்பில் விழும் விசை 13,000 நியூட்டன்; சுமார் 1,300 கிலோ பாரம் மோதுவது மாதிரி. அதுவே 10 மீட்டர் தூரத்தில் நின்றால் 1,300 நியூட்டன்தான், 130 கிலோ பாரம். வலிக்கும், ஆனால் உயிர் தப்ப வாய்ப்பு அதிகம்.

எஞ்சின் முட்டி நின்றாலும், பின்னால் வந்த பெட்டிகள் அதே நொடியில் நின்றுவிடவில்லை. தடம் புரண்டு ஜல்லியை உழுதுகொண்டு நகர்ந்தன. பார்க்கப் பயங்கரமான காட்சி. ஆனால் அந்த உழவில்தான் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. அதோடு, அந்த ரயிலில் இருந்தவை எல்.ஹெச்.பி. பெட்டிகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாதபடி அவற்றின் இணைப்பு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பழைய ரகப் பெட்டிகளில் உயிர்ப்பலி கூடியதற்கு, ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறி நசுக்குவது முக்கியக் காரணமாக இருந்தது.

காயங்களுக்குக் காரணம் நியூட்டனின் முதல் விதி. பெட்டி வேகம் குறைந்தாலும் மேல் பெர்த்தில் படுத்திருப்பவரின் உடம்பு பழைய வேகத்திலேயே போகப் பார்க்கும். பிடித்து நிறுத்த ரயிலில் சீட் பெல்ட் ஏது? எதிர்ப் பெர்த்தோ, கம்பியோ, தரையோதான் நிறுத்தும்.

இந்த வாரக் கேள்வி: அதே ரயில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால், அது எத்தனை மாடி உயரத்துக்குச் சமம்? நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? ஒரு மாடி 3 மீட்டர், g = 9.8 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். விடை அடுத்த வாரம்.