இரண்டு சதவீதமும் பாலாற்றுக் கிணறுகளும்



நம் சமுதாயத்து வணிகர்களிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி உலவுகிறது. நிறுவனம் சட்டப்படி செலவிடும் சி.எஸ்.ஆர். தொகையை ஜகாத் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்பதே அது. கேள்வி சிறியது, விடையும் சிறியதுதான். கூடாது. ஜகாத் என்பது நிய்யத்துடன் நிறைவேற்றப்படும் வணக்கம். குர்ஆன் வரையறுத்த எட்டு வகையினருக்கே அது உரியது. நம் ஹனஃபி ஃபிக்ஹின்படி, பெறுகிறவர் கையில் அது உடைமையாகவே ஒப்படைக்கப்பட வேண்டும். நிறுவனமோ எல்லாப் பங்குதாரர்களின் பொதுப்பணத்திலிருந்து பூங்கா அமைக்கலாம், பள்ளிக்கூடத்திற்குக் கழிப்பறை கட்டலாம். நல்ல காரியங்களே, ஆனால் ஜகாத் அல்ல.

எனினும் இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கொடுத்துவிட்டால் வியாபாரத்தின் எஞ்சிய பகுதி தூய்மையாகிவிடும் என்ற எண்ணம். அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி: இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூக நலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்தில், செலவிடாத நிறுவனம் காரணம் எழுதிவிட்டுத் தப்பிக்கலாம் என்றிருந்தது. 2021 முதல் அந்த வாசல் ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. செலவிடாத தொகையைக் குறித்த காலத்திற்குள் அரசு சுட்டும் நிதியில் சேர்த்தாக வேண்டும்.

இந்தச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகளில் பலரும் கவனிக்காத இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, நிறுவனம் தன் பொருளை விளம்பரப்படுத்திக்கொள்ளும் நோக்கில் அளிக்கும் ஆதரவுத்தொகை சி.எஸ்.ஆர். ஆகாது. ரியாவைப் பற்றி நாம் மிம்பரில் சொல்வதைக் கணக்காயர்கள் தம் மொழியில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். மற்றொன்று, வேறு ஏதேனும் சட்டத்தின்படி நிறுவனம் ஏற்கெனவே செய்யக் கடமைப்பட்ட செயலைச் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது. தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது தண்ணீர்ச் சட்டத்தின்படி கடமை. ஆகவே அதற்கான செலவு தர்மம் ஆகாது.

ஷரீஅத்தில் நாம் ஹக்கு என்றும் ஸதகா என்றும் பிரித்துச் சொல்வதும் இதைத்தான். பிறருக்கு நாம் தரவேண்டியது ஹக்கு. தரவேண்டியதைத் தந்து முடித்தபின் மனமுவந்து தருவது ஸதகா. முன்னதை நிறுத்திவைத்துவிட்டுப் பின்னதை அள்ளி வழங்குகிறவரை ஊர் வள்ளல் என்று அழைக்கலாம். மறுமையில் அந்தப் பட்டம் செல்லாது.

இதைப் பொதுப்படையாகப் பேசிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் நமக்கு மிக அருகில், நம் சமுதாயத்தோடு பிணைந்த ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்தின் தோல் தொழில்.

அந்தத் தொழில் நமக்குச் செய்த நன்மைகளை மறுப்பவர் நன்றி மறந்தவர். 1919இல் வாணியம்பாடியில் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரியிலிருந்து, தோல் வணிகர் ஜமால் முஹம்மது சாஹிபின் பெயர் தாங்கி 1951இல் திருச்சியில் தொடங்கிய கல்லூரி வரை, தமிழ் முஸ்லிம்களின் கல்விக்குத் தோல் வணிகர்களின் கை தாராளமாக நீண்டிருக்கிறது. பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் அந்தக் கொடையால் வளர்ந்தவை. என் போன்ற மதரஸா ஆசிரியர்களின் ஊதியமே பெரும்பாலும் வணிகர்களின் சந்தாவிலிருந்து வருகிறது. அதனால்தான் இந்தப் பொருளைப் பற்றி ஆலிம்கள் அதிகம் எழுதுவதில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் அந்தத் தோல்கள் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்பட்டன. 1970களில் பதப்படுத்தாத தோலையும் அரைகுறையாகப் பதப்படுத்திய தோலையும் ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடுகள் விதித்தது. முழுமையாக முடித்த தோலை அனுப்பினால்தான் நாட்டுக்கு வருவாய் என்பது கணக்கு. ஆலைகள் வேகமாகக் குரோமியப் பதனீட்டுக்கு மாறின. வேலையும் பெருகியது, செல்வமும் பெருகியது. தோலைக் கெடாமல் காக்க இட்ட உப்பும், பதனிட்ட குரோமியமும் பாலாற்றங்கரை மண்ணில் இறங்கின. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு அது. அடித்துச் செல்ல வெள்ளம் இல்லை. கழிவு நின்ற இடத்திலேயே நிலத்தடிக்குப் போயிற்று.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்திய நாட்டின் சட்டமே என்று உறுதிப்பட அறிவித்த தீர்ப்பு அது. இன்று இந்தியாவின் சட்டக் கல்லூரிகளிலெல்லாம் அது பாடம். அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டும் விவரங்களின்படி, தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவுக்கோ முழுமையாகவோ பாழாகியிருந்தது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் எண்ணிப் பார்த்த 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டிருந்தன.

350 கிணறுகள்! மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி, எல்லோரும் இலவசமாகத் தண்ணீர் எடுக்கட்டும் என்று வக்ஃபு செய்த உஸ்மான் (ரலி) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லித் தருகிறோம். தண்ணீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்ற நபிமொழியையும் சொல்லித் தருகிறோம். ஒரு கிணற்றைத் திறந்துவிட்டவரைப் புகழ்கிற நாம், ஒரு கிணற்றை மூடவைத்தவரைப் பற்றி என்ன சொல்லித் தரப் போகிறோம்?

அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக அமைந்த ஆணையம் 2001இல் இழப்பீட்டைக் கணக்கிட்டது. ஏறத்தாழ 29,000 பேருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாயைக்கூட எட்டவில்லை. உப்பேறிப் போன தென்னந்தோப்பின் விலை அது. வழக்கு அத்தோடு முடியவும் இல்லை. பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 2025இலும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே தோல் வணிகர்களின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஆலைகள் அனைத்தும் முஸ்லிம்களுடையவை அல்ல. ஊடகங்கள் சில நேரம் அப்படித் தோன்றவைக்கின்றன. குரோமியத்துக்கு மாறச் செய்ததில் அரசின் கொள்கைக்கும் பங்குண்டு. வெளிநாட்டு வாங்குநர்கள் தூய்மைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதற்குரிய விலையை மட்டும் தர மறுக்கிறார்கள். தீர்ப்புக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பெருந்தொகை செலவிட்ட ஆலைகள் உண்டு. கழிவுநீர் சொட்டுகூட வெளியேறாத முறைக்கு மாறியவையும் உண்டு. இவையெல்லாம் உண்மை. ஆனால் கிணற்றுக்குச் சொந்தக்காரர் இவற்றில் எதற்கும் பொறுப்பானவர் அல்லர். அவரும் பல இடங்களில் முஸ்லிம்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இப்போது கம்பெனிச் சட்டத்திற்குத் திரும்புவோம். மேலே சொன்ன 2 சதவீதச் சட்டம் இந்த ஆலைகளில் பெரும்பாலானவற்றைத் தொடுவதே இல்லை. அவை கூட்டுவணிக நிறுவனங்களாகவோ தனியார் உடைமையாகவோ இயங்குபவை. அந்த வரம்புகளை எட்டாதவை. பெரிய ஏற்றுமதியாளர் தோலின் அழுக்கான கட்டங்களை ஜாப் ஒர்க்காகச் சிறிய ஆலைக்குத் தள்ளிவிட்டு, பளபளப்பான கட்டத்தை மட்டும் தம் பெயரில் வைத்துக்கொள்ளலாம். அவருடைய சி.எஸ்.ஆர். அறிக்கையில் மரக்கன்றுகள் நடும் படம் அழகாக இருக்கும். சட்டப்படி அதில் குற்றமில்லாமலும் இருக்கலாம்.

2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுக் குழம்புத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலைக்குள் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தக் குழம்பில் மூழ்கி இறந்தார்கள். பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள் அவர்களில் இருந்தனர். சுத்திகரிப்பதற்காக ஆலைகள் கூட்டாகச் சேர்ந்து ஏற்படுத்திய ஏற்பாடே உயிர்களைப் பறித்தது. இத்தகைய வேளையில் பொறுப்பு யாருடையது என்று கேட்டால், ஆலை தனி, நிலையத்தை நடத்தும் கம்பெனி தனி, அதிகாரிகள் தனி என்று ஆளுக்கொரு புறம் விலகிக்கொள்ள முடிகிறது.

கம்பெனி என்பது உரிமையாளர்களிடமிருந்து வேறான ஒரு சட்ட ஆள் என்ற கருத்து 1896இல் இங்கிலாந்தின் சாலமன் வழக்கில் உறுதிப்பட்டது. இதன் பயனாக, கம்பெனி கடனில் மூழ்கினாலும் பங்குதாரர் தாம் போட்ட முதலை மட்டுமே இழப்பார். அவர் வீட்டைத் தொட முடியாது. நம் உலமாக்கள் இதைப் பற்றி நிறையவே விவாதித்திருக்கிறார்கள். வக்ஃபும் பைத்துல் மாலும் தனிமனிதர் அல்லாத உடைமையாளர்களாகக் கருதப்படுவதை ஒப்பிட்டு, பொதுமக்கள் பங்கு வாங்கும் பெரிய கம்பெனிகளில் இதை ஏற்கலாம் என்று முஃப்தி தகீ உஸ்மானி அவர்கள் எழுதியுள்ளார்கள். ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் தனியார் கம்பெனிக்கும் கூட்டுவணிகத்திற்கும் இந்தச் சலுகையை நீட்டக் கூடாது என்றும் அவர்களே எல்லை வகுக்கிறார்கள். நம் ஊர்களில் பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுக்கொள்கிறவர்கள் இந்த எல்லையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று தெரியவில்லை. கடனோடு இறந்தவரின் ஜனாஸாவை நபி (ஸல்) அவர்கள் தொழவைக்கத் தயங்கினார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்தார்கள். கம்பெனியைக் கலைத்துவிடலாம். அதை நடத்தியவர் கப்ருக்குப் போகும்போது லிமிடெட் என்ற சொல் கூட வருமா?

அதே கம்பெனிகள் சட்டத்தில் 166ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. 135ஐ எல்லோரும் அறிவார்கள். இதை அறிந்தவர் குறைவு. பங்குதாரர்களின் நலனோடு தொழிலாளர்கள், சமூகம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றையும் மனத்தில் கொண்டு நல்லெண்ணத்துடன் செயல்படுவது இயக்குநரின் கடமை என்கிறது அது. கம்பெனி பெரியதா சிறியதா, இலாபம் வந்ததா வரவில்லையா என்று அது பார்ப்பதில்லை. என் பார்வையில், ஒரு முஸ்லிம் இயக்குநர் மனப்பாடம் செய்யவேண்டிய பிரிவு இதுவே. கொடுக்கும்போது எப்படி இருக்கிறோம் என்பதை 135 கேட்கிறது. சம்பாதிக்கும்போது எப்படி இருக்கிறோம் என்பதை 166 கேட்கிறது.

வியாபாரத்தில் மார்க்கத்தைக் கொண்டுவராதீர்கள் என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. இது புதிய பேச்சன்று. அளவையில் மோசடி செய்யாதீர்கள் என்று ஷுஐப் (அலை) அவர்கள் சொன்னபோது மத்யன் மக்கள் கேட்டதும் இதுதான்: எங்கள் பொருளை எங்கள் விருப்பப்படி கையாள்வதை உம்முடைய தொழுகையா தடுக்கிறது என்று ஏளனம் செய்தார்கள். தோல் பதனிடும் இடத்தின் நாற்றமும் சூளையின் புகையும் அண்டை வீட்டாருக்குத் தரும் தொல்லையை மாலிக்கி ஃபிக்ஹ் நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்துப் பேசியிருக்கின்றன. மூக்குக்கு எட்டும் நாற்றத்தையே ஃபகீஹ்கள் விட்டுவைக்கவில்லை என்றால் குடிநீரில் கலந்த நஞ்சை என்ன சொல்வது?

தம் உம்மத்தில் யார் உண்மையில் திவாலானவர் என்பதை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை விளக்கினார்கள். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமையில் வருவார் அவர். ஆனால் இன்னாரின் பொருளைத் தின்றிருப்பார், இன்னாரைத் துன்புறுத்தியிருப்பார். அவருடைய நன்மைகள் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். நன்மைகள் தீர்ந்தபின் அவர்களின் பாவங்கள் அவர்மேல் சுமத்தப்படும். இந்த ஹதீஸில் ஜகாத்தும் இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். அவர் கஞ்சர் அல்லர், கொடுத்தவர்தான்.

எனவே வணிகக் குடும்பங்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. ரமளானில் ஜகாத் கணக்குப் போடும்போது கையிருப்பு, சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டுகிறோம். இயந்திரத்தையும் கட்டடத்தையும் விட்டுவிடுகிறோம். பிறகு ஹனஃபி முறைப்படி, தரவேண்டிய கடன்களைக் கழிக்கிறோம். வங்கிக் கடன், தோல் வியாபாரிக்குத் தரவேண்டியது, இரசாயனக் கடைப் பாக்கி என்று அந்தப் பத்தி நீளும். அந்தப் பத்தியில் தொழிலாளிக்கு நிலுவையில் உள்ள கூலியும், செலுத்தாத பி.எஃப். தொகையும், ஆணையம் விதித்து இன்னும் கட்டாத இழப்பீடும், நம் கழிவு இறங்கிய பக்கத்து நிலத்துக்காரருக்கு நாம் தரவேண்டியதும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வீட்டிலுள்ள பெரியவர்களும் பெண்களும் பிள்ளைகளும் கேட்கலாம். அவை எழுதப்பட்டால் அந்த ஆண்டின் ஜகாத் தொகை சற்றுக் குறையக்கூடும். மதரஸாவுக்கு வரும் பங்கும் குறையலாம். குறையட்டும், முதலில் கிணற்றுக்காரரின் கடன் தீரட்டும்.