கருவி கற்கும் பாடம்

மனிதன் தன் புலன்களின் குறையைக் கருவிகளைக் கொண்டு நிறைவு செய்து வந்திருக்கிறான். தொலைவில் உள்ளவற்றைக் காணத் தொலைநோக்கியை அமைத்தான். நுண்ணியவற்றைக் காண நுண்பெருக்கியை அமைத்தான். அக்கருவிகள் பொருளைக் காட்டுவதோடு நின்றன. கண்டது இன்னதென்று துணியும் வேலை மனிதனிடமே இருந்தது. இன்றோ, ‘இது நோயுற்ற கண்; இது நோயற்ற கண்’ என்று பிரித்துக் கூறும் கருவியும் தோன்றிவிட்டது. அதனை நாம் எவ்வளவு நம்பலாம்? எந்த அளவிற்கு அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம்? இவை ஆய்வுக்கூடத்தில் இருப்போர்க்கு மட்டுமே உரிய வினாக்கள் அல்ல. காவிரியின் கடைமடைச் சிற்றூரில் நாற்று நடும் ஒரு பெண்ணின் கண்ணொளியும் இவற்றின் விடையைப் பொறுத்தே இருக்கிறது.

நீரிழிவு நோய் இன்று நம் நாட்டில் மிகுந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடத்தப்பெற்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் இந்நோய் உடையவர் என்று மதிப்பிட்டது. செல்வரைப் பற்றும் நோய் என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட இது, உழைக்கும் மக்களையும் இன்று விட்டுவைக்கவில்லை. நீரிழிவு நெடுநாள் நீடித்தால், கண்ணின் பின்புறத்தே உள்ள விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. அவற்றினின்று நீரும் குருதியும் கசிகின்றன. தொடக்கத்தில் வலியும் இல்லை. பார்வைக் குறையும் தோன்றுவதில்லை. பார்வை மங்குவதை நோயாளி உணரும்போது பெருங்கேடு விளைந்திருக்கும். இழந்த பார்வையை மீட்பது அரிது. உரிய காலத்தில் கண்டறிந்தால் இழவாமற் காப்பது இயலும். ஆகவே, நீரிழிவு உடையவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை.

அறிவுரை எளிது, அதன்படி நடப்பதுதான் அரிது. கண் மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கிறார்கள். குறுவை நடவும், சம்பா அறுவடையும் கூலி கிடைக்கும் காலங்கள். வலி இல்லாத நோய்க்காக ஒரு நாட் கூலியை விட்டு, பேருந்துக்குப் பணம் கொடுத்து நகரத்துக்குச் செல்ல ஏழைத் தொழிலாளிக்கு மனம் வருமா? தலைமடைக்கு வந்த நீர் கடைமடைக்கு வந்து சேராதது போல, நகரத்து மருத்துவம் சிற்றூரின் கடைசி வீட்டுக்கு வந்து சேர்வதில்லை. இவ்விடர்ப்பாட்டை நீக்கவே மின்னணுச் சுற்றமைப்பு, இயந்திரக் கற்றல், மருத்துவம் ஆகிய மூன்று துறைகளும் கைகோத்துள்ளன.

முதலில் மின்னணுச் சுற்றின் பணியைக் காண்போம். விழித்திரையைப் படம் எடுக்கும் கருவியினுள் சிறு சில்லு ஒன்று உண்டு. அதன்மீது ஒளி விழுந்தால், விழுந்த ஒளியின் அளவுக்கேற்ப மின்சைகை ஒன்று எழும். அது மிக மெல்லியது; பெருக்கினாலன்றிப் பயன்படாது. அதனைப் பெருக்குவது, 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான டிரான்சிஸ்டர் என்னும் உறுப்பு. அதன் செயலைக் காவிரிக்கரை மாணவர்க்கு விளக்குவது எளிது. மதகின் திருகை ஒருவன் கையால் சுழற்றுகிறான். அவன் கையின் வலிமை சிறிது. அதற்குக் கட்டுப்பட்டுப் பாயும் நீரோ பெரிது. அவன் திருகுவதற்கேற்ப நீர் கூடும், குறையும். அவ்வாறே சிறு மின்சைகை பெரு மின்னோட்டத்தைத் தன் விருப்பப்படி கூட்டியும் குறைத்தும் நடத்துகிறது. ஆயினும், வாய்க்காலில் நீரோடு செத்தையும் வருவதுபோல, சைகையோடு வேண்டாத மின்னலைவும் வரும். அதனை ‘இரைச்சல்’ என்பர். இரைச்சலை அடக்கி, சைகையை மட்டும் பெருக்கி, அதனை எண்களாக மாற்றி, இத்தனையையும் சிறு மின்கலத்தின் ஆற்றலுக்குள் முடிக்கும் சுற்றை அமைப்பதே இத்துறை ஆராய்ச்சியாளரின் முயற்சி. அம்முயற்சியின் பயனாகக் கருவிகள் வரவரச் சிறுத்து வருகின்றன. கைப்பேசியில் பொருத்திய கருவியால் எடுத்த விழித்திரைப் படங்களைக் கொண்டே நோயை அறியலாம் என்பதனை, 2018ஆம் ஆண்டில் வெளியான சென்னை ஆய்வொன்று ஏறத்தாழ 300 நோயாளரிடம் சோதித்துக் காட்டிற்று.

இனி, எண்களாக மாறிய படத்தைக் கணிப்பொறி எவ்வாறு அறிந்துகொள்கிறது என்று காண்போம். உழவர் வீட்டுப் பிள்ளை நெல்வகைகளை எப்படி அறிகிறது? எவரும் அதற்கு இலக்கணம் சொல்லித் தருவதில்லை. பெரியவர் ஒரு பிடி நெல்லைக் காட்டி, ‘இது தூயமல்லி’ என்கிறார். மற்றொரு பிடியைக் காட்டி, ‘இது மாப்பிள்ளைச் சம்பா’ என்கிறார். பிள்ளை மாற்றிச் சொன்னால் திருத்துகிறார். பலமுறை கண்டு, பலமுறை தவறி, பலமுறை திருந்திய பின்னர், கண்டவுடன் பெயர் கூறும் திறம் வந்துவிடுகிறது. இயந்திரக் கற்றல் என்பதும் இத்தகையதே. படத்தையும், அதற்கு மருத்துவர் எழுதிய முடிவையும் சேர்த்துக் கணிப்பொறிக்குக் காட்டுகிறார்கள். அது தவறாகக் கூறும்போதெல்லாம் தன்னுள் இருக்கும் இலட்சக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. தவறு குறையக் குறைய அதன் கல்வி முதிர்கிறது.

இம்முறையில் 2016ஆம் ஆண்டில் ஒரு பெருஞ்செயல் நிறைவேறிற்று. கூகுள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கணிப்பொறிக்குக் காட்டிப் பயிற்றினர். அப்படங்களில் சில அமெரிக்காவைச் சேர்ந்தவை. மற்றவை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னைச் சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகிய இந்திய மருத்துவமனைகளிலிருந்து கிடைத்தவை. கண் மருத்துவரும், கண் மருத்துவத்தில் முதிர்ந்த பயிற்சி பெற்று வந்தவருமாக 54 பேர் அப்படங்களைத் தரம் பிரித்தனர். ஒவ்வொரு படத்தையும் மூவர் முதல் எழுவர் வரை பார்த்தனர். பின்னர் அரவிந்த் மருத்துவமனையிலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளரிடம் இக்கருவி சோதிக்கப்பெற்றது. மருத்துவமனையில் தரம் பிரிப்போர்க்கு அது ஒப்பாகவோ மேலாகவோ செயற்பட்டது என்பது 2019ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு.

இவ்வெற்றியில் எவருடைய அறிவு வெளிப்படுகிறது என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கருவிக்கு முன் அமர்ந்து, ஒவ்வொரு படத்தையும் பொறுமையுடன் ஆராய்ந்து, தாம் கண்டதை உள்ளவாறு எழுதிய மருத்துவர்களே அதன் ஆசிரியர்கள். அவர்கள் கவனக்குறைவாக எழுதியிருந்தால், கருவியும் அக்குறையையே கற்றிருக்கும். பதர் கலந்த விதையை இட்டுப் பொலியை எதிர்பார்ப்பது அறிவுடைமை ஆகாது.

நோயாளியின் கண்ணைப் படமாக்கி, அதன் நிலையை எழுதி வைக்கும் இவ்வழக்கம் தஞ்சைக்குப் புதிதன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோசி மன்னர் கல்வியில் பெருவிருப்பம் உடையவர். அவர் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை அமைத்தார். அவர் காலத்துக் கண்நோயாளரைப் பற்றிய குறிப்பேடுகள் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையத்தில் உள்ளன. நோய் இன்னது, செய்த மருத்துவம் இன்னது என்னும் செய்திகளோடு, நோயுற்ற கண்களின் ஓவியங்களும் அவற்றில் இடம்பெற்றுள்ளன. புகைப்படக் கலை பரவாத காலத்தில் ஓவியரைக் கொண்டு நோய்க்குறிகளைத் தீட்டச் செய்த அறிவு எத்துணைச் சிறந்தது! மறதிக்கு இடம் கொடாமல் கண்டதை எழுதி வைத்தல் வேண்டும் என்னும் அக்கொள்கையே இன்றைய கணிப்பொறிக் கல்விக்கும் அடிப்படை.

கருவிக்கு அளிக்கும் சான்றுகள் உண்மையாய் இருந்தால் மட்டும் போதுமா? போதாது, அவை எல்லா மக்களையும் தழுவியனவாயும் இருத்தல் வேண்டும். கொரோனாத் தொற்றுக் காலத்தில், விரல் நுனியில் மாட்டிக் குருதியில் உள்ள பிராணவாயுவின் அளவை அறியும் சிறு கருவி நம் வீடுகளுக்கும் வந்தது. அது விரலின் ஊடே இருவகை ஒளியைச் செலுத்தி, வெளிவரும் ஒளியைச் சுற்றமைப்பால் அளந்து கணக்கிடுவது. அமெரிக்க நோயாளரிடம் செய்த ஆய்வொன்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிராணவாயு குறைந்திருந்தும் அக்கருவி அதனைக் காட்டத் தவறிய நிலை, வெள்ளையரிடம் இருந்ததைவிடக் கறுப்பின மக்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது என்று அது கூறிற்று. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதனைக் கருவியின் கணக்கு உரியவாறு கருதவில்லை. கருவிக்கு வஞ்சனை இல்லை. எவரைக் கொண்டு அதனை அமைத்தார்களோ அவரையே அது நன்கு அறியும்.

இடமும் கருவியைச் சோதிக்கிறது. விழித்திரை நோயை அறியும் கருவியைத் தாய்லாந்து நாட்டுச் சிற்றூர் மருத்துவ நிலையங்களில் பயன்படுத்திப் பார்த்தபோது, எடுத்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினை அது ஏற்க மறுத்தது. அறையின் வெளிச்சம் ஏற்றதாக இல்லாததால் பல படங்கள் தெளிவாக அமையவில்லை. ஆய்வுக்கூடத்தில் முதல் மதிப்பெண் பெற்ற கருவி, சிற்றூர் அறையில் தடுமாறிற்று. குற்றம் அங்கிருந்த செவிலியருடையதன்று. அந்த அறையை மனத்திற்கொண்டு கருவி படைக்கப்படவில்லை என்பதே உண்மை.

இதற்குத் தீர்வு என்ன? நம் உழவர் அறிந்த முறையே தீர்வு. ஆடுதுறையில் 1922ஆம் ஆண்டு முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. வேற்றிடத்தில் நன்கு விளைந்தது என்பதற்காக ஒரு நெல்லை நம் உழவர் உடனே ஏற்பதில்லை. நம் மண்ணில், நம் நீரில், நம் பருவத்தில் விளைவித்துக் கண்ட பின்னரே வயலெங்கும் விதைக்கின்றனர். மருத்துவக் கருவிக்கும் இவ்விதியே பொருந்தும். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் மக்களிடையே, அவ்வூர் மருத்துவ நிலையங்களின் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் சோதித்துத் தேர்ந்த பின்னரே அதனை நாம் ஏற்க வேண்டும். அவ்வாறு சோதிப்பதற்கும், பழுது கண்டால் திருத்தி அமைப்பதற்கும் வேண்டிய கல்வி நிலையங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. தஞ்சையில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. துவாக்குடியில் 1964ஆம் ஆண்டு தோன்றிய பொறியியற் கல்லூரி, இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது. திருமலைசமுத்திரத்தில் 1984ஆம் ஆண்டு தொடங்கிய பொறியியற் கல்லூரி, சாஸ்த்ரா பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. மருத்துவரும் பொறியாளரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தால் ஆகாதது உண்டோ?

மற்றொரு வினா எஞ்சுகிறது. கருவி தவறினால் விடை சொல்லக் கடமைப்பட்டவர் யார்? 2016ஆம் ஆண்டின் ஆய்வில் ஒரு செய்தி காணக் கிடக்கிறது. ஒரு வரம்பில் நிறுத்தியபோது, நோயுள்ள 100 படங்களில் கருவி ஏறத்தாழ 90 படங்களைக் கண்டுபிடித்தது. நோயற்ற 100 படங்களில் 2 படங்களை மட்டுமே தவறாக ஐயுற்றது. அவ்வரம்பைத் தளர்த்தியபோது, நோயுள்ள 100இல் 97க்கு மேல் பிடிபட்டன. ஆயின், நோயற்ற 100இல் 6 அல்லது 7 வீணே ஐயத்துக்கு உள்ளாயின. ஒன்றைப் பெற மற்றொன்றை விட வேண்டியிருக்கிறது. நோயைக் காணத் தவறினால் ஒருவர் கண்ணை இழக்கிறார். வீணே ஐயுற்றால் மற்றொருவர் ஒரு நாட் கூலியையும் பேருந்துப் பணத்தையும் இழக்கிறார். கூலியை ஈடு செய்யலாம். கண்ணை ஈடு செய்தல் ஆகாது. ஆகவே வரம்பைத் தளர்த்துவதே தக்கது என்றும், வீணாக அழைக்கப்படுவோரின் செலவை அரசு ஏற்பது முறை என்றும் கருதுகிறேன். இம்முடிவைக் கணிப்பொறி செய்ய இயலாது. கண்ணின் அருமையும், ஏழையின் கூலியருமையும் அதற்குத் தெரியா. அவற்றை நிறுத்துப் பார்ப்பது மனிதர் கடமை.

கண் மருத்துவர் பார்வையிடாமலே தானே முடிவு கூறும் கருவி ஒன்றுக்கு அமெரிக்க அரசின் ஆணையம் 2018ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது. இதனைக் கண்டு, ‘இனி மருத்துவர் வேண்டா’ என்று கூறுவோர் உளர். ‘உயிரற்ற கருவியிடம் உடலை ஒப்படைப்பதா?’ என்று வெறுப்போரும் உளர். இரு சாராரும் உண்மையின் ஒரு பாதியையே காண்கின்றனர். மருத்துவரே வாராத ஊரில் கருவியையும் தடுப்பது, தாகத்தால் வாடுவோனிடம் ஆற்றுநீர் வரும் வரை கிணற்றுநீரைக் குடியாதே என்பது போலாகும். அவ்வாறே, கருவி வந்துவிட்டது என்று கூறி மருத்துவரை அனுப்பாதிருப்பதும் கொடுமை. நோயுடையவரைப் பிரித்துக் காட்டுவது கருவியின் வேலையாகட்டும். அதனை உறுதி செய்து, நோயாளியின் முகம் நோக்கிப் பேசி, மருத்துவம் புரிந்து, தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பது மனிதரின் வேலையாகட்டும். ‘கருவி அவ்வாறு கூறிற்று’ என்பது எந்நாளும் விடையாகாது.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். சிலர் சுற்றமைப்பைத் தீட்டும் பொறியாளர் ஆவீர்கள். சிலர் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் ஆசிரியர் ஆவீர்கள். எந்தத் துறையில் நின்றாலும், கண்டதைக் கண்டவாறு எழுதும் பழக்கத்தை இன்றே மேற்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது, அண்டை மாணவனின் ஏட்டைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதுவது சிறு பிழையாகத் தோன்றலாம். அப்பழக்கம் வளர்ந்து, ஒருநாள் நோய்க்குறிப்பேட்டிலும் வந்து புகுமானால், அப்பொய்யைக் கருவியும் கற்கும். கற்றதை ஆயிரம் ஊர்களில் அயராது திருப்பிச் சொல்லும். ஒருவர் எழுதிய மெய்யும் அவ்வாறே ஆயிரம் ஊர்களுக்குச் சென்று, முன்பின் அறியாதவர் கண்களைக் காக்கும்.